பட்டம் கைக்கு வரும்வரை

ஊருக்கு ஊர் அம்பேத்கர் சிலை இருக்கிறது. கோட்டும் கண்ணாடியும் போட்டு, ஒரு கையில் புத்தகத்தை அணைத்தபடி நிற்பார். புதுச்சேரியிலும் கடற்கரைச் சாலையில் அவருக்கு மணிமண்டபம் உண்டு. காலாப்பட்டில் அரசு சட்டக் கல்லூரியே அவர் பெயரில்தான் நடக்கிறது. ஏப்ரல் 14 வந்தால் மாலை விழும், ஒலிபெருக்கி முழங்கும். மேதை என்பார்கள், மாமேதை என்பார்கள், இத்தனை பட்டம் வாங்கியவர் என்று மேடையில் எண்ணிக்கை சொல்வார்கள். சொல்வதில் தப்பில்லை. ஆனால் அப்படிச் சொல்லிச் சொல்லியே ஒன்றை மறந்துவிட்டோம். அந்தப் பட்டங்களில் பெரும்பாலானவை நின்று நின்றுதான் அவர் கைக்கு வந்தன. இத்தோடு படிப்பு முடிந்தது என்று வீட்டுக்குத் திரும்ப வேண்டிய கட்டம் அவருக்கு நான்கைந்து முறை வந்திருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் புதுச்சேரிக்குப் பெருமை சொல்லும் ஒரு கணக்கு வெளிவரும். 2021-22இல் நாடு முழுக்க 18 முதல் 23 வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்கு 28 பேர் உயர்கல்வியில் இருந்தார்கள் என்றும், புதுச்சேரியில் அது 61 என்றும் ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு சொன்னது. வெளி மாநிலத்திலிருந்து இங்கே வந்து படிப்பவர்களும் அதில் அடக்கம் என்பதைத் தள்ளிப் பார்த்தாலும் பெரிய எண்தான். ஆனால் அது உள்ளே வந்தவர்களின் கணக்கு. 2023 டிசம்பரில் மக்களவையில் இன்னொரு கணக்கு வைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,626 பேர் பாதியில் வெளியேறியிருந்தார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களை மட்டும் எடுத்தாலே பட்டியல் சாதியினர் 2,424 பேர். இவர்களெல்லாம் நுழைவுத் தேர்வு எழுதி, இடம் பிடித்து, உள்ளே போனவர்கள். படிக்கத் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அம்பேத்கரின் மாணவப் பருவத்தை இந்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

1891 ஏப்ரல் 14இல் மத்திய இந்தியாவில் மாவ் என்ற ராணுவக் குடியிருப்பில் பிறந்தார். வீட்டில் பதினான்காவது பிள்ளை. அப்பா ராம்ஜி சக்பால் பட்டாளத்தில் சுபேதார், ராணுவப் பள்ளியில் வாத்தியார் வேலையும் பார்த்தவர். மகர் சாதியில் எழுத்து தெரிந்த ஒரு தலைமுறை உண்டானதற்குப் பட்டாளம்தான் காரணம். அந்த வாசலையும் ஆங்கிலேய அரசு 1890களில் மகர்களுக்கு மூடிவிட்டது. அம்மா பீமாபாய் பிள்ளை சின்னவனாக இருக்கும்போதே இறந்துபோனார்.

1900 நவம்பர் 7ஆம் தேதி சத்தாரா அரசுப் பள்ளியில் பிவா ராம்ஜி என்று பெயர் பதிந்தார்கள். அந்த நாளை மகாராஷ்டிரத்தில் இப்போது மாணவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு அந்த மாணவனுக்கு வகுப்பில் உட்காரத் தனிச் சாக்கு, அதையும் அவனே வீட்டிலிருந்து கொண்டுவந்து மாலையில் சுருட்டி எடுத்துப்போக வேண்டும். தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது. பியூன் வந்து உயரத்தில் இருந்து ஊற்றினால் குடிக்கலாம். பியூன் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்பினான்.

பிறகு குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பரேல் பகுதியில் மில் தொழிலாளிகள் குடியிருந்த நெருக்கமான குடியிருப்பில் ஒரே ஓர் அறை. சமையல், படுக்கை, அடுக்கி வைத்த சாமான், அம்மிக்கல், ஓர் ஆடு, எல்லாம் அதற்குள்ளேயே. படிக்க இடம் கிடைக்க ராம்ஜி ஒரு வழி கண்டுபிடித்தார். பையனை முன்னிரவிலேயே தூங்க வைத்துவிட்டு, தான் இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து அவனை எழுப்பிவிட்டு, அவன் எழுந்த இடத்தில் தான் படுத்துக்கொள்வார். மண்ணெண்ணெய் விளக்கில் விடியும் வரை படிப்பு. பையன் புத்தகம் கேட்டால், கட்டிக்கொடுத்த மகள்களின் வீட்டுக்குப் போய் அவர்களுடைய நகையை வாங்கி அடகு வைப்பார். பென்ஷன் வந்ததும் மீட்டுக் கொடுப்பார்.

இந்த இடத்தில் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குச் சிலை இல்லை. அம்பேத்கரின் அண்ணன் ஆனந்தராவ். இரண்டு பேருமே உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டிய வயது. இருவரையும் படிக்க வைக்கும் அளவுக்குப் பென்ஷன் போதவில்லை. ஆனந்தராவ் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். தம்பி படித்தார். இன்றைய கணக்கில் எழுதினால், இந்த வீட்டில் இரண்டு மாணவர்கள், ஒருவர் இடைநின்றவர், ஒருவர் தொடர்ந்தவர். பாகூரிலும் வில்லியனூரிலும் மண்ணாடிப்பட்டிலும் இப்படி நடந்த வீடுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அக்கா ஜவுளிக்கடைக்குப் போவாள், தம்பி கல்லூரிக்குப் போவான். அந்த அக்காவுக்கு அறிவு குறைவு என்று எவராவது சொன்னால் அவரோடு எனக்குப் பேச்சில்லை.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டார், கொடுக்கவில்லை, பாரசீகம் எடுத்தார். ஒருநாள் ஆசிரியர் கணக்குப் போடக் கரும்பலகைக்குக் கூப்பிட்டபோது வகுப்பே கூச்சலிட்டது. பலகைக்குப் பின்னால் அவர்களுடைய சாப்பாட்டுத் தூக்குகள் இருந்தன. எல்லாரும் ஓடிப்போய்த் தங்கள் தூக்கை எடுத்த பிறகுதான் இவர் பலகையைத் தொட முடிந்தது. அது அரசுப் பள்ளி என்பதை மறந்துவிட வேண்டாம்.

1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். மதிப்பெண் 750க்கு 282. மறுபடியும் படியுங்கள், 282. நூற்றுக்கு முப்பத்தெட்டு கூட வரவில்லை. மேடையில் இதை யாரும் சொல்வதில்லை, அவருக்கு மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்களோ என்னவோ. எனக்கு இதைவிட மரியாதையான எண் வேறு தெரியவில்லை. அந்த அறையிலிருந்து, அந்த இரவு இரண்டு மணியிலிருந்து வந்த 282 அது. முதல் பருவத்தேர்வில் இரண்டு பாடம் போய்விட்டது என்று மூலையில் உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகள் இந்த எண்ணை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மகர் பையன் மெட்ரிகுலேஷன் தேறியது அன்றைக்குப் பெரிய சேதி. பாராட்டுக் கூட்டம் நடந்தது. அங்கே கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர், தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். பூங்காவில் தினமும் தனியே உட்கார்ந்து படிக்கும் பையனை அவர் ஏற்கெனவே கவனித்து வைத்திருந்தார். அந்த வயதிலேயே கல்யாணமும் ஆனது. பைகுல்லா சந்தைக் கொட்டகையில், கடைகள் மூடிய இரவில், சிறுமி ரமாபாயுடன். 1908இல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தார்.

கல்லூரி உணவு விடுதிக்காரர் அவருக்குத் தேநீரோ தண்ணீரோ தரமாட்டார். ஆனாலும் படிப்பை நிறுத்தும் நிலை அதனால் வரவில்லை. பணத்தால் வந்தது. இன்டர் முடிந்ததும் ராம்ஜியிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துபோனது. அப்போது கேளுஸ்கர் அவரைப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அழைத்துப் போனார். மன்னர் பேட்டி கண்டு மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கொடுத்தார். முல்லர் என்ற பேராசிரியர் புத்தகமும் உடுக்கத் துணியும் கொடுத்தார். ஆக ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு மன்னர், ஒரு பேராசிரியர் என்று மூன்று பேர் சரியான நேரத்தில் குறுக்கே வந்தார்கள். 1912இல் பி.ஏ. முடிந்தது. இந்த மூவரில் ஒருவர் இல்லாமல் போயிருந்தால்? கேளுஸ்கரின் கண்ணில் படாத பையன்கள் அன்றைய பம்பாயில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

பரோடா அரசு வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே, 1913 பிப்ரவரியில், அப்பா இறந்துபோனார். அந்த ஆண்டே பரோடா அரசு உதவித்தொகையில், படித்து வந்து பத்தாண்டு சமஸ்தானத்துக்கு வேலை செய்வேன் என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டு நியூயார்க் கிளம்பினார். மாதம் பதினொன்றரை பவுண்டு. அதில் வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யாரும் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. 1915இல் எம்.ஏ., 1916 மே மாதம் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரை. சாப்பாட்டைக் குறைத்துப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிக் குவித்த புத்தகம் ஏறத்தாழ இரண்டாயிரம். அதே 1916இல்தான் நம் பக்கத்தில் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளியைத் தொடங்கினார். அவரும் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்தான். அவர் கதையைத் தனியாக எழுத வேண்டும்.

1916 அக்டோபரில் லண்டன். பொருளாதாரப் பள்ளியில் ஆய்வு, கிரேஸ் இன்னில் சட்டம். ஓராண்டு முடிவதற்குள் உதவித்தொகைக் காலம் முடிந்தது, பரோடா திரும்பி வரச் சொன்னது. இரண்டு படிப்பும் நடுவில் நின்றன. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்தால் தொடரலாம் என்று பல்கலைக்கழகத்திடம் அனுமதி மட்டும் வாங்கிக்கொண்டார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. புத்தகங்களைத் தனியே வேறு கப்பலில் அனுப்பியிருந்தார், அந்தக் கப்பலை எதிரிகள் மூழ்கடித்துவிட்டார்கள். பரோடாவில் உயர் பதவி கொடுத்தார்கள், குடியிருக்க வீடு கொடுக்க ஊரில் ஆளில்லை. பார்சி விடுதியில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியே துரத்தினார்கள். கொலம்பியாவில் படித்தவர் பரோடா பூங்கா ஒன்றில் மரத்தடியில் உட்கார்ந்து அழுதார்.

இங்கேயே முடிந்திருக்கலாம். எம்.ஏ. வாங்கியாயிற்று, பம்பாயில் ஒரு வேலையோடு காலம் தள்ளியிருக்கலாம். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலையும் கிடைத்தது, சம்பளம் 450 ரூபாய், அந்தக் காலத்தில் பெரிய தொகை. பேராசிரியர்களுக்கு வைத்த தண்ணீர்ப் பானையை இவர் தொடக் கூடாது என்று அங்கேயும் சிலர் கிளம்பினார்கள் என்பது வேறு விஷயம். அவர் அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். ரமாபாய் மிச்சம் பிடித்தார் என்று எழுதுவதுதான் சரி. கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார், நண்பர் நவல் பத்தேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். லண்டன் கொடுத்திருந்த நான்காண்டுக் கெடு தீர்வதற்கு முன்னால், 1920இல், மறுபடியும் கப்பல் ஏறினார்.

அந்த மூன்று ஆண்டு லண்டன் வாழ்க்கை பட்டினி வாழ்க்கை. காலையில் ஒரு துண்டு ரொட்டியும் ஒரு கோப்பை சூப்பும். பகல் முழுக்க அருங்காட்சியக நூலகம், மதியச் சாப்பாட்டுக்குக் காசில்லை. இரவு பத்து மணிப் பசிக்கு நண்பர் கொடுத்த அப்பளம். 1921இல் எம்.எஸ்சி., 1922இல் பாரிஸ்டர். ரூபாயின் சிக்கல் பற்றிய டி.எஸ்சி. ஆய்வேட்டை மாற்றி எழுதச் சொல்லிவிட்டார்கள், ஆங்கிலேய ஆட்சியின் நிதிக் கொள்கையைக் கடுமையாகச் சாடியிருந்தது காரணம். லண்டனில் இருந்து மாற்றி எழுதக் கையில் பணமில்லை. பம்பாய்க்கு வந்து, எழுதி, தபாலில் அனுப்பினார். 1923 முடிவதற்குள் பட்டம் வந்தது.

கொலம்பியா டாக்டர் பட்டத்தின் கதையும் கேட்க வேண்டியது. ஆய்வேட்டை அச்சிட்டுப் படிகளைக் கொடுத்தால்தான் பட்டம் என்பது அங்கே விதி. அச்சடிக்கப் பணம் வேண்டும். 1925இல்தான் அது புத்தகமாக வந்தது. 1927இல் பட்டம் கொடுத்தார்கள். நியூயார்க்கை விட்டுப் பதினோரு ஆண்டு கழித்து.

இந்தப் பக்கம் ரமாபாய். பெற்ற ஐந்து பிள்ளைகளில் நான்கு பேரைச் சிறுவயதிலேயே மண்ணுக்குக் கொடுத்தவர். யஷ்வந்த் ஒருவர்தான் தங்கினார். 1935 மே மாதம் ரமாபாயும் போய்விட்டார். பட்டங்களின் பட்டியலை வாசிக்கும்போது இந்த வீட்டுக் கணக்கையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

தன் படிப்பு எங்கெங்கே நின்றதோ அங்கெல்லாம் அடுத்தவன் படிப்பு நிற்கக் கூடாது என்று அவர் செய்த வேலைகளைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். 1924இல் அமைப்பு தொடங்கியதும் முதலில் எடுத்த காரியங்களில் ஒன்று சோலாப்பூரில் மாணவர் விடுதி. 1928இல் தனிக் கல்விச் சங்கம் வைத்து பனவேல், தானே, நாசிக், புனே, தார்வாட் என்று விடுதிகள். பள்ளிக்கூடம் அரசிடம் இருந்தது, படுக்க இடமும் சோறும்தான் இல்லாமல் இருந்தன.

1927 மார்ச்சில் பம்பாய் சட்ட மன்றத்தில் அவர் பேசிய பேச்சை, கல்வி பற்றிப் பேசும் எவரும் படிக்க வேண்டும். உணர்ச்சிப் பேச்சு கிடையாது, அரசின் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு எண் எண்ணாகப் பேசினார். தொடக்கப் பள்ளியில் சேரும் நூறு பிள்ளைகளில் நான்காம் வகுப்பை எட்டுவது 18 பேர், மீதி 82 பேர் மறுபடி எழுத்தறியாதவர்களாகவே போய்விடுகிறார்கள் என்று காட்டினார். கல்லூரியில், இரண்டு லட்சம் மக்கள்தொகைக்கு முன்னேறிய இந்துக்கள் 1,000 பேர், முஸ்லிம்கள் 52, இடைநிலைச் சாதியினர் 14, தீண்டப்படாதோர் உள்ளிட்ட கடைசிப் பிரிவில் ஏறக்குறைய சுழியம் என்றார். பிறகு வரவு செலவுக்கு வந்தார். அரசு கல்விக்குத் தலைக்கு 14 அணா செலவிடுகிறது, சாராய வரியாகத் தலைக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் வசூலிக்கிறது, வாங்குகிற அளவாவது கல்விக்குக் கொடுங்கள் என்று கேட்டார். மதுக்கடை வருமானத்தில் ஓடும் நம் புதுச்சேரியில் இதை யார் கேட்பது?

1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினர் ஆனதும் பட்டியல் சாதியினரின் குறைகளை மனுவாக எழுதிக் கொடுத்தார். காசிப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் பல்கலைக்கழகத்துக்கும் ஆளுக்கு மூன்று லட்சம் கொடுக்கிறீர்கள், எங்கள் பிள்ளைகளுக்கும் கொடுங்கள் என்பது அதில் ஒரு கோரிக்கை. 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கு மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய உதவித்தொகை தொடங்கியது. இன்று வங்கிக் கணக்குக்கு எப்போது வரும் என்று நம் பிள்ளைகள் கைபேசியைத் தடவிக்கொண்டிருக்கும் அந்த போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வேர் அது. பரோடா மன்னர் ஒருவருக்குக் கொடுத்த 25 ரூபாயை அரசு எல்லாருக்கும் கொடுக்க வேண்டிய கடமையாக மாற்றியது இந்த இடத்தில்தான்.

1945இல் மக்கள் கல்விக் கழகம். 1946 ஜூனில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி, போர்க்காலத்து ராணுவக் கொட்டகையில் தொடங்கியது. காலை நேரத்தில் வகுப்பை முடித்துவிடுவார்கள், மாணவர் அதன் பிறகு அலுவலகத்துக்கோ கடைக்கோ வேலைக்குப் போகலாம். வேலைக்குப் போனதால் படிப்பை விட்ட ஒரு அண்ணனின் தம்பிக்கு இந்த யோசனை வந்ததில் எனக்கு வியப்பில்லை. 1950இல் ஔரங்காபாத்தில் பின்னாளில் மிலிந்த் என்று பெயர் பெற்ற கல்லூரி. நிஜாம் ஆட்சியில் கல்லூரி வாசனையே படாத மராத்வாடா கிராமத்துப் பிள்ளைகளுக்காக, விடுதியோடு. மராத்தி தலித் இலக்கியம் வளர்ந்த இடங்களில் அந்த வளாகமும் ஒன்று.

சென்னை மாகாணக் கல்லூரிச் சேர்க்கையில் இருந்த வகுப்புவாரி உத்தரவை, செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951இல் செல்லாதென்று சொன்னபோது, அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. அப்போது சட்ட அமைச்சர் அம்பேத்கர். நாம் கல்லூரிக்குள் நுழையும் கதவு அந்தத் திருத்தத்தில் நிற்கிறது.

1956 டிசம்பர் 6இல் அவர் இறந்தபோது புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி போய் இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டில் நடந்தது. புதுச்சேரிக்கான பட்டியல் சாதிகள் ஆணை வந்தது 1964இல். எல்லைக்கு அந்தப் பக்கம் விழுப்புரத்திலும் கடலூரிலும் இருந்த நம் உறவுக்காரர்களுக்கு 1944இல் திறந்த உதவித்தொகை வழி, இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குச் சட்டப்படி திறக்க இருபது ஆண்டு கூடுதலாக ஆனது. நம் தெருக்களில் முதல் பட்டதாரி யார் என்று கேட்டால் இன்னும் உயிரோடு இருக்கும் ஒருவரைக் கைகாட்டுகிறார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

1927இல் அவர் கையில் இருந்தது அரசே வெளியிட்ட அறிக்கை. இன்று நம் கையில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் தர வேண்டும். நீங்கள் படிக்கும் அரசுக் கல்லூரியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் முதலாம் ஆண்டில் சேர்ந்த பட்டியல் சாதி மாணவர்கள் எத்தனை பேர், அவர்களில் இந்த ஆண்டு இறுதித் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர், தேறியவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு உதவித்தொகை எந்தத் தேதியில் கணக்கில் ஏறியது. துறைவாரியாகக் கேளுங்கள், ஆண் பெண் பிரித்துக் கேளுங்கள். பதில் வந்தால் ஒரு படி இந்தப் பகுதிக்கு அனுப்பி வையுங்கள்.